பாக்டீரியாவை ஏமாற்றும் இனிப்பு

மிட்டாய் தின்றால் பல் சொத்தையாகும் என்று வீட்டில் உங்களைக் கண்டித்திருப்பார்கள். உண்மையில் பல்லை அரிப்பது மிட்டாய் அன்று. வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் அமிலமே அரிக்கிறது. பல்லை மூடியிருக்கும் எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கெட்டியான படிகம். அமிலம் மிகுந்து பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும்.

சைலிட்டாலும் சர்க்கரையளவு இனிப்புதான். ஆனால் குளுக்கோஸ் மூலக்கூறில் 6 கார்பன் அணுக்கள், இதில் 5. பாக்டீரியா ஏமாந்துபோய் இதை உள்ளே இழுக்கிறது. பயன்படுத்த முடியாமல் வெளியே தள்ளுகிறது. சக்தி செலவானதுதான் மிச்சம்! அமிலமும் உண்டாவதில்லை.

பின்லாந்தின் துர்க்கு நகரில் ஷைனின், மேக்கினென் முதலியோர் 125 பேரை மூன்று பிரிவாக்கி, சர்க்கரை, பிரக்டோஸ், சைலிட்டால் சேர்த்த உணவுகளை 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தனர். 1975-இல் முடிவு வெளியாயிற்று: சைலிட்டால் பிரிவில் புதுச் சொத்தை மிகமிகக் குறைவு. ஆனால், பிற்காலச் சோதனைகளையெல்லாம் 2015-இல் அலசிய காக்ரேன் ஆய்வாளர்கள், சான்று வலுவாக இல்லை என்றார்கள்.

சரி, கரைந்த எனாமலைச் சைலிட்டால் சரிசெய்யுமா? அந்த வேலை உமிழ்நீருடையது. சைலிட்டால் கலந்த சூயிங்கம்மை மென்றால் உமிழ்நீர் நன்றாக ஊறும். அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலில் மீண்டும் படியும். பற்பசையிலுள்ள புளோரைடு இதற்குப் பெரிதும் துணைசெய்யும். குழியே விழுந்துவிட்டாலோ, பல் மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

ஒன்று: அந்தச் சூயிங்கம்மை நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். அதன் உடலில் இன்சுலின் தாறுமாறாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை இறங்கி, உயிருக்கே ஆபத்தாகும்.