டில்லியில் தங்கிய சட்டமூலம்: கேரளக் காணிச் சீர்திருத்தம் பற்றிய ஒரு குறிப்பு

சட்டசபையிற் பெரும்பான்மை பெற்ற கட்சி தான் விரும்பிய சட்டத்தை ஆக்கிவிடலாம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. அறிமுகம், தெரிவுக்குழு, வாசகம் வாசகமாக விவாதம், இறுதி வாக்கெடுப்பு, ஆளுநரின் சம்மதம் எனப் பாடநூல்கள் கூறும் ஒழுங்கும் இக்கருத்துக்கே வலுவூட்டுகின்றது. சபைக்கு வெளியேயுள்ள கடைசிப் படியிலேதான் ஒரு சட்டமூலத்தின் தலைவிதி நிர்ணயமாகின்றது என்பது எமது கருத்து. இந்திய மாநிலமொன்றின் அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

1957 ஏப்ரிலில் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையிற் பதவியேற்ற கம்யூனிஸ்ட் அமைச்சரவை, சில நாட்களுக்குள்ளேயே குத்தகை விவசாயிகளை வெளியேற்றுவதை அவசரச் சட்டத்தாற் தடுத்தது. அவ்வாண்டு டிசெம்பரில் வருவாய் அமைச்சர் கே. ஆர். கௌரி விவசாய உறவுகள் சட்டமூலத்தைச் சமர்ப்பித்தார். குத்தகையாளருக்கு நிலையான உரிமை, காணிக்கு உச்சவரம்பு, மிகைக்காணிப் பங்கீடு என்பனவே அதன் சாரம். மேற்சபை இல்லாத மாநிலமாயினும் அது நிறைவேறியது 1959 யூனிலேயே. இத்தாமதத்தை நாம் குறையாகக் கொள்ளவில்லை. பிரதிநிதிகள் பகிரங்கமாக வாதிட்ட காலம் அது.

இனி வருவது வேறு வகைத் தாமதம். அரசியலமைப்பின் 200ஆம் உறுப்புரைப்படி ஆளுநர் திருப்பியனுப்பிய சட்டமூலத்தைச் சபை மீண்டும் நிறைவேற்றினால் அவர் சம்மதத்தை மறுக்கவியலாது. ஜனாதிபதிக்கென ஒதுக்கப்பட்டதற்கோ இப்பாதுகாப்பில்லை. 201ஆம் உறுப்புரை அதனை மீளாராயச் சபைக்கு ஆறு மாதத் தவணை விதிக்கின்றது. ஜனாதிபதிக்குத் தவணை எதுவும் விதிக்கவில்லை. மீண்டும் நிறைவேறினும் சம்மதிக்க அவர் கட்டுப்பட்டவரல்லர். சொத்துரிமை வழக்குகளிலிருந்து 31அ உறுப்புரை தரும் காப்பைப் பெறுவதற்கு ஜனாதிபதியின் சம்மதம் அவசியமாதலாற் காணிச் சட்டமூலம் டில்லி செல்லாது தப்ப வழியில்லை.

அது அங்கிருக்கையிலேயே 1959 யூலை 31இல் அமைச்சரவை நீக்கப்பட்டது. கல்விச் சட்டத்தை முன்னிறுத்திய 'விமோசனப் போராட்ட'த்தில் காணியுடையோரின் அச்சமும் கலந்திருந்தது வெளிப்படை. 1960இல், காங்கிரஸும் பிரஜா சோஷலிஸ்டுகளும் சேர்ந்து ஆண்ட வேளையில், சட்டமூலம் ஜனாதிபதியின் செய்தியுடன் திரும்பியது. திருத்தங்களுடன் மீள நிறைவேறி 1961 சனவரியிற் சம்மதம் பெற்றது. அவ்வாண்டு டிசெம்பரில், காசர்கோடு, ஹொஸ்துர்க் தாலுக்காக்களின் ரயத்துவாரிக் காணிகளுக்கு அச்சட்டம் செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பின்னர் 1963இன் புதிய சட்டமும் 1969இன் திருத்தமும் வேண்டியிருந்தன. குத்தகைமுறை ஒழிந்தது 1970 சனவரி முதலாந் திகதி. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள், காணிகளை உறவினர் பெயருக்குப் பிரித்தெழுத வசதி படைத்தோருக்கே அவகாசமாயின. உழுதவனுக்கு அவை காத்திருப்பு மாத்திரமே.

2025 ஏப்ரிலில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஆளுநருக்கும் ஜனாதிபதிக்கும் கால எல்லை வகுத்தது. அதே ஆண்டு நவம்பரில், ஜனாதிபதி கோரிய அபிப்பிராயத்தை வழங்கிய ஐவர் கொண்ட ஆயம், அத்தகைய எல்லையை நீதிமன்றம் விதிக்கவியலாதென்றது. சபைக்குரிய ஆறு மாதத் தவணை மட்டும் அரசியலமைப்பில் அப்படியே உள்ளது.