பின்னால் தள்ளும் காற்று, பின்தங்கும் விமானம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லிவிடும் இணையக் கணிப்பான்கள் ஏராளம். அவற்றில் பலவற்றின் சூத்திரம் எளிது. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுப்பார்கள், ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்ப்பார்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் உள்ள வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 30 நிமிடம் 12 விநாடி என்று வரும். கால அட்டவணையிலோ அந்தப் பயணத்துக்கு இரண்டே நிமிடம்!

1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் நடத்திவரும் இந்தச் சேவைதான் உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம். தூரம் சுமார் 2.7 கி.மீ. எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளமே கிட்டத்தட்ட இவ்வளவு இருக்கும். இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. தீர்க்கரேகையில் மட்டும் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம். நிலநடுக்கோட்டில் என்றால் அது ஐந்தரை கி.மீ. ஆகியிருக்கும். துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், இங்கே பாதியாகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சேவையில் பறப்பது பிரிட்டென்-நார்மன் ஐலேண்டர் விமானம். இரண்டு பிஸ்டன் இன்ஜின், எட்டுப் பயணிகள். இடம் கிடைத்தால் விமானி பக்கத்திலேயே உட்காரலாம். சக்கரங்களை உள்ளே மடக்கும் வேலையே கிடையாது. மணிக்கு சுமார் 240 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 4 கி.மீ.; இந்தத் தூரத்துக்கு 40 விநாடி போதும். ஆனால் அந்த வேகத்தை எட்டுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடுகிறது. இதுவரை பதிவான குறைந்த நேரம் 53 விநாடி.

அந்த நேரத்தைத் தூரத்தைவிடக் காற்றுதான் தீர்மானிக்கிறது. வெஸ்ட்ரேயிலிருந்து பார்த்தால் பாப்பா வெஸ்ட்ரே கிழக்கே இருக்கிறது. மேற்கிலிருந்து காற்று வீசினால் பின்னாலிருந்து தள்ளிவிடும், சீக்கிரம் போய்விடலாம் என்றுதானே தோன்றும்? நடப்பது வேறு. இறக்கை மீது பாயும் காற்றுதான் விமானத்தைத் தூக்குகிறது. அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொள்வதே முறை. பலத்த மேல்காற்றில் விமானம் முதலில் எதிர்த்திசையில், மேற்கே கிளம்பி, வளைந்து திரும்ப வேண்டும். போய்ச் சேரும் தீவையும் தாண்டிப்போய், மறுபடி மேற்கே முகம் திருப்பித்தான் தரைதொட முடியும். கீழ்க்காற்று என்றால் நேராக எழும்பி நேராக இறங்கிவிடலாம். இங்கே எதிர்க்காற்றுதான் நண்பன்.

கொஞ்சம் நீண்ட பயணத்தில் பழைய நியாயம் திரும்பிவிடுகிறது. அதிலும் ஒரு கோணல் உண்டு. 60 கி.மீ. தள்ளியிருக்கும் ஊருக்கு இதே விமானம் போய்வர, காற்றில்லாத நாளில் 30 நிமிடம் பறக்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் எதிர்த்துப் போக 20 நிமிடம், அதன் போக்கில் திரும்ப 12 நிமிடம். ஆக மொத்தம் 32. போகும்போது விட்டதை வரும்போது முழுசாகப் பிடிக்க முடிவதில்லை. காற்றோடு மல்லுக்கட்டும் நேரம் எப்போதும் கூடுதல், அதன் தயவில் பறக்கும் நேரம் குறைவு.