காவல் எறும்பின் கூலி

வெப்பமண்டல மழைக்காடுகளில் உயர்ந்த மரமுடிகளுக்குள் பூச்சிக்கொல்லிப் புகையைச் செலுத்தி, கீழே விரித்து வைத்த துணிகளில் உதிரும் சிற்றுயிர்களை இனம் பிரித்து எண்ணும் ஆய்வுமுறை 1970களுக்குப் பின் பரவியபோது, உயிரியலாளர்கள் எதிர்பாராத ஒரு கணக்கை எதிர்கொண்டார்கள். பல இடங்களில் துணியில் விழுந்தவற்றுள் எண்ணிக்கையிலும் எடையிலும் எறும்புகளே முதலிடம் பெற்றன. அவை வேட்டையாடி உண்ணக்கூடிய பிற பூச்சிகளின் எடையோ அவற்றைத் தாங்கப் போதவில்லை. இரையைவிட வேட்டையாடி மிகுந்திருப்பது சூழலியலின் அடிப்படைக் கணக்குக்கே முரணானது. இதற்குரிய விடையை 2003இல் டயான் டேவிட்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் புரூணை, பெரு ஆகிய நாடுகளின் காட்டு எறும்புகளின் உடலிலுள்ள நைட்ரஜனை அளந்து கண்டார்கள். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி மேலேறும்போதும் நைட்ரஜனின் கனமான வடிவம் உடலில் சற்றே மிகும் என்பதால், ஓர் உயிர் எதைத் தின்று வாழ்கிறது என்பதை அந்த அளவு காட்டிக்கொடுத்துவிடும். மரமுடி எறும்புகளுள் பல இனங்களின் அளவு, இலை தின்னும் பூச்சிகளின் அளவை ஒட்டியே இருந்தது. வேட்டைக்காரர் எனக் கருதப்பட்டவை பெருமளவுக்குத் தாவரச் சாற்றில் வாழ்பவை என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அந்தச் சாறு எறும்புக்கு நேரடியாகக் கிடைப்பது குறைவு. செதில் பூச்சி, மாவுப்பூச்சி, அசுவினி முதலியவை தண்டிலும் இலை நரம்பிலும் அலகைச் செருகி உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதத்துக்குரிய அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. தேவையான புரதத்தைத் திரட்ட அவை அளவுக்கு மீறிக் குடித்து, மிஞ்சிய சர்க்கரை நீரைப் பின்புறமாக வெளியேற்றுகின்றன. இந்தத் தேன்கழிவை எறும்புகள் நக்கி எடுத்துச் செல்வதோடு, அதைத் தரும் பூச்சிகளைப் பகைவரிடமிருந்து காத்தும் வருகின்றன. எறும்பு வந்து அகற்றாத இடத்தில் தேன்கழிவு இலைமீது படிந்து, அதில் கரும்பூஞ்சாணம் படர்ந்து, செதில் பூச்சிகளே நலிவதும் உண்டு. வெப்பமண்டல வேளாண்மையில் எறும்பு காவலாளியாவதற்கும், சில தீவுகளிலும் மலைகளிலும் அதுவே பேரழிவாவதற்கும் இந்தச் சர்க்கரைதான் பொதுவான மூலம்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாமரம், பலாமரம் ஏறுவோர் நன்கறிந்த முசுறு இதற்கு மிகச் சிறந்த சான்றாகும். ஈக்கோஃபில்லா ஸ்மராக்டினா என்னும் அறிவியற்பெயர் கொண்ட இவ்வினம் இந்தியாவிலிருந்து தென்சீனம், தென்கிழக்கு ஆசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரையிலும் சாலமன் தீவுகளிலும் பரவியிருக்க, இதன் ஒரே நெருங்கிய உறவான ஈக்கோஃபில்லா லாங்கினோடா சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் வாழ்கிறது. இவ்விரண்டையும் இங்கு முசுறு என்றே குறிப்போம். இரண்டும் மண்ணில் புற்று வைப்பதில்லை. உயிருள்ள இலைகளை இணைத்து மரத்திலேயே கூடு கட்டுகின்றன. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று ஓர் இலையின் விளிம்பைக் கவ்வி அடுத்த இலையை நோக்கி இழுக்கும். இடைவெளி பெரிதாயின் ஒன்றின் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இழுக்கும். விளிம்புகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் முதிர்ந்த புழுக்களைத் தாடையில் ஏந்திவந்து, தறியில் ஓடும் நாடாவைப் போல இரு விளிம்புகளுக்கும் இடையே மாறிமாறித் தொடவைக்க, புழுவின் வாயருகிலுள்ள சுரப்பியிலிருந்து கசியும் பட்டிழை இலைகளை ஒட்டிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிகழ்ச்சியை இலங்கையில் கூர்ந்து நோக்கி விரிவாக எழுதியவர் ஜெர்மானிய விலங்கியலாளர் ஃபிரான்ஸ் டோஃப்லைன். பிற எறும்பினங்கள் பலவற்றில் புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூட்டுக்கு ஆகும் இழை முழுவதும் முசுறில் பொதுக்கூட்டுக்கே செலவாகிவிடுவதால், இதன் கூட்டுப்புழு உறையின்றியே வளர்கிறது.

ஒரே அரசியின் வழிவந்த முழுக் கூட்டத்தையும் ஒரு குடி எனலாம். வளர்ந்த குடி ஒன்றில் ஐந்து இலட்சம் வரை வேலைக்கார எறும்புகள் இருக்கும். அவை பத்துப் பன்னிரண்டு மரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இலைக்கூடுகளில் பரவியிருக்கும், அரசியோ அவற்றுள் ஒன்றில் மட்டுமே இருப்பாள். சிறிய வேலைக்காரிகள் கூட்டுக்குள்ளும் அதன் அருகிலும் புழுக்களையும் செதில் பூச்சிகளையும் பேண, பெரியவை மரமெங்கும் உலவி இரைதேடி எல்லை காக்கின்றன. பெர்ட் ஹோல்டோப்லரும் எட்வர்ட் வில்சனும் 1970களில் ஆப்பிரிக்க இனத்தில் செய்த சோதனைகள், இவ்வெறும்புகள் தாம் உலவும் பரப்பெங்கும் மலக்குடலிலிருந்து சிறுதுளிகளை இட்டு, தம் குடிக்கே உரிய மணத்தால் அதை உரிமை கொண்டாடுகின்றன என்று காட்டின. இரு குடிகளின் ஆட்சிப்பரப்புகள் சந்திக்கும் இடத்தில் எந்தக் குடியும் நடமாடாத வெற்றிடம் ஒன்று விடப்படுகிறது. அதையொட்டிய எல்லைக் கூடுகளில் வாழ்வுநாள் முடியும் தறுவாயிலுள்ள முதிய எறும்புகளே மிகுதியாக இருக்கின்றன, போரில் முதலில் மடிபவையும் அவையே.

வளர்ந்த எறும்பு ஓடித்திரியத் தேவையான ஆற்றலைத் தருவது சர்க்கரை. புரதம் பெரும்பாலும் வளரும் புழுக்களுக்கே வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு மரத்தில் எத்தனை பூச்சிகள் கொல்லப்படுகின்றன என்பது புழுக்களின் பசியைப் பொறுத்ததாயினும், எத்தனை எறும்புகள் இடைவிடாது ரோந்து சுற்றுகின்றன என்பது பெரிதும் தேன்கழிவின் வரத்தைப் பொறுத்தது. பயிருக்கு உதவுவது இவ்விரண்டுள் ரோந்துதான் என்பதை, வேட்டையின் வீரத்தையே வியந்து எழுதும் நூல்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. பெனின் நாட்டு மாந்தோப்புகளில் பால் வான் மெலேயும் அவருடைய குழுவினரும் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முசுறு நிறைந்த மரங்களில் பழ ஈயின் தாக்குதல் வெகுவாகக் குறைந்திருந்தது. பறந்து திரியும் ஈயை எறும்பு பிடிப்பது அரிது; எறும்பு ஓடும் பழத்தில் அமர்ந்து முட்டையிட ஈக்கு அமைதி கிடைப்பதில்லை என்பதும், எறும்பு விட்டுச்சென்ற வேதித் தடயமே சில ஈக்களை விலக்கிவிடுகிறது என்பதும் தொடர்ந்த ஆய்வுகளில் தெரியவந்தன.

இக்காவலை மனிதர் பயன்படுத்திய வரலாறு, எழுத்தில் பதிவான உயிரியல் பூச்சிக் கட்டுப்பாட்டுள் மிகத் தொன்மையானது. கி.பி. 304இல் ஜி ஹான் எழுதியதாகக் கருதப்படும், தென்னாட்டுத் தாவரங்களைப் பற்றிய சீன நூல், செம்மஞ்சள் நிற எறும்புகளை இலைக்கூட்டோடு பைகளில் இட்டுச் சந்தையில் விற்றார்கள் என்றும், இவை இல்லாத ஆரஞ்சு மரங்களின் பழங்கள் பூச்சியால் கெட்டுப்போகும் என்றும் குறிப்பிடுகிறது. அந்நூலின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே ஐயம் உண்டெனினும், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த தாங் காலத்து நூலொன்றும் இதே செய்தியைக் கூறுவதால், வழக்கத்தின் தொன்மை ஆயிரம் ஆண்டுக்குக் குறையாது. மரத்துக்கு மரம் மூங்கில் சிம்புகளைப் பாலமாகக் கட்டி எறும்பை நடமாடவிடும் முறை குவாங்டொங் பகுதியில் இருபதாம் நூற்றாண்டிலும் நடப்பில் இருந்தது. நோயைத் தாங்கும் ஆரஞ்சு வகைகளைத் தேடிச் சென்ற அமெரிக்கத் தாவரவியலாளர் வால்டர் ஸ்விங்கிள் இதைக் கேள்வியுற்ற பின்னரே மேற்குலக அறிவியல் இதில் கருத்துச் செலுத்தலாயிற்று. குளிர்காலத்தில் ஆரஞ்சு மரங்களில் எறும்பு அழிந்துபோக, அடர்ந்த தழை கொண்ட பம்ளிமாஸ் மரங்களில் அது தப்பிப் பிழைத்ததால், தோட்டக்காரர்கள் அம்மரங்களைக் கலந்து நட்டார்கள் என்பது நுட்பமான செய்தியாகும்.

தென்னையில் இதன் பயன் வேறு வழியில் தெரியவந்தது. சான்சிபார் தீவில் இளங்காயைக் குத்திச் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியால் குரும்பைகள் உதிர்ந்துகொண்டிருந்தபோது, 1950களில் அங்கு ஆய்வு செய்த எம். ஜே. வே, முசுறு குடியேறிய மரங்களில் காய் நின்றதையும், மண்ணில் கூடு கட்டும் பெருந்தலை எறும்பு முசுறை விரட்டிய மரங்களில் காய் உதிர்ந்ததையும் கண்டார். சாலமன் தீவுகளின் தென்னந்தோப்புகளிலும் வேறொரு நாவாய்ப்பூச்சியை முன்வைத்து இதே கதை நிகழ்ந்தது. பூச்சிக்கும் மரத்துக்கும் இடையிலான வழக்கு, உண்மையில் இரண்டு எறும்பினங்களுக்கு இடையிலான நிலத்தகராறாக இருந்தது எனலாம். கானாவின் கொக்கோ தோட்டங்களை ஆராய்ந்த டென்னிஸ் லெஸ்டன் 1970களில் இக்கருத்தை விரிவாக்கி, ஒன்றையொன்று பொறுக்காத சில ஆதிக்க எறும்பினங்கள் தோட்டத்தைத் திட்டுத்திட்டாகப் பங்கிட்டுக்கொள்கின்றன என்றும், எந்தத் திட்டில் எந்த எறும்பு என்பதே அங்குள்ள பிற பூச்சிகளையும் தீர்மானிக்கிறது என்றும் விளக்கினார். முசுறின் திட்டில் கொக்கோவைத் தாக்கும் நாவாய்ப்பூச்சிகள் குறைகின்றன. கிரெமாட்டோகாஸ்டர் என்னும் எறும்பின் திட்டிலோ, அது கூரை வேய்ந்து காக்கும் மாவுப்பூச்சிகள் கொக்கோவின் தண்டுவீக்க நச்சுயிரியை மரத்துக்கு மரம் பரப்புகின்றன. இரண்டு எறும்புகளும் உண்பது தேன்கழிவையே.

இதனால் முசுறை வைத்துப் பயிர் காப்பது, எல்லைகளை நிருவகிக்கும் கலையாகிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை மையமாகக் கொண்டு முந்திரி, மாந்தோப்புகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த ரெங்காங் பெங்கும் கீத் கிறிஸ்டியனும், ஒரே குடியைச் சேர்ந்த மரங்களைக் கயிற்றால் இணைக்கவும், வெவ்வேறு குடிகளின் மரங்கள் தொட்டுக்கொள்ளும் கிளைகளைக் கழிக்கவும் உழவருக்குப் பயிற்றுவித்தார்கள். குடிகள் போரிட்டு அழிந்தால் அந்த மரங்கள் காவலின்றிக் கிடக்கும். அரசி இருக்கும் கூட்டையும் சேர்த்துக் கொண்டுவராவிட்டால், கருவுறாத வேலைக்காரிகள் இடும் முட்டைகளிலிருந்து ஆண் எறும்புகளே பிறக்க, குடியேற்றிய கூட்டம் சில மாதங்களில் தேய்ந்து மறைந்துவிடும். பழைய முயற்சிகள் பலவும் தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கு முந்திரியைத் தாக்குவது, தமிழ்நாட்டு முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் கருகச் செய்யும் தேயிலைக் கொசுவின் பேரினத்தைச் சேர்ந்த பூச்சியே. பெயரில் கொசுவாயினும் இதுவும் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிதான் என்பதால், ஓரிடத்து அனுபவம் மற்றோரிடத்துக்குப் பயன்படக்கூடியது.

செலவுக் கணக்கையும் மறைக்கலாகாது. முசுறு இருக்கும் மரத்தில் செதில் பூச்சி பெருகலாம், காயின்மேல் கருமை படியலாம், எறும்பின் ஃபார்மிக் அமிலம் பட்டுத் தோலில் புள்ளி விழலாம். மகரந்தம் கொண்டுவரும் பூச்சிகளை அது விரட்டும் என்ற அச்சத்துக்கும் ஓரளவு காரணம் உண்டு. ஆயினும் தென்கிழக்கு ஆசியாவில் மெலஸ்டோமா செடியில் நடந்த ஆய்வில், முசுறு சிறிய, பயன் குறைந்த தேனீக்களை விலக்கியதால், திறம் மிக்க பெரிய தச்சுத் தேனீக்களின் வரவு கூடியது கண்டறியப்பட்டது. காய் பறிப்போருக்கு விழும் கடிதான் உழவர் சொல்லும் முதல் குறை; கைகால்களில் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவது பல நாடுகளில் பொதுவான தற்காப்பு. 17 பயிர்களையும் 26 எறும்பினங்களையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஒரு மதிப்பீடு, சில எறும்பினங்கள் பூச்சிக்கொல்லிக்கு நிகராகவோ மேலாகவோ செயல்படுகின்றன என்றும், தேன்கழிவுப் பூச்சிகளை மட்டும் அவை பெருகவிடுகின்றன என்றும் முடிவு கூறியது. இவ்வளவு சான்றிருந்தும் முறை பரவாததற்கு, போத்தலில் அடைத்து விற்க முடியாத ஒன்றை உழவரிடம் கொண்டுசேர்க்க எந்த நிறுவனத்துக்கும் ஆதாயம் இல்லை என்பதே முதன்மைக் காரணமாக இருக்கவேண்டும்.

கட்டுக்கடங்காத சர்க்கரை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவு சாட்சி. மனிதரோடு வந்து சேர்ந்த மஞ்சள் பைத்திய எறும்பு அங்குப் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து, 1989இல் எல்லைச் சண்டையே இல்லாத பெருங்குடிகளாகப் பெருகியிருப்பது அறியப்பட்டது. வெளியிலிருந்து வந்த ஒரு செதில் பூச்சியின் தேன்கழிவே அவற்றின் எரிபொருள். கடிக்கவோ கொட்டவோ செய்யாமல் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் அவ்வெறும்பு, காட்டுத் தரையின் இலைச்சருகைத் தின்று வந்த செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. நண்டு ஒழிந்த இடங்களில் நாற்றுகள் அடர்ந்து, காட்டின் உருவமே மாறியது. வானூர்தியிலிருந்து நச்சு இரையைத் தூவியும் எறும்பு மீண்டும் மீண்டும் தலையெடுக்கவே, 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவி கொண்டுவரப்பட்டது. அக்குளவி எறும்பைத் தொடுவதில்லை, செதில் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. எறும்பின் கூலியை நிறுத்துவதே அத்திட்டத்தின் உட்கருத்து. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவாரச் சிற்றூர்களில் கால்நடைகளின் கண்ணையும் உடலையும் தாக்கியதாகச் செய்தியானதும் இதே மஞ்சள் பைத்திய எறும்புதான்.

முசுறுக்குத் திரும்பினால், காவலுக்கு மேல் ஒரு வருவாயையும் அது தருகிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் எறும்பையும் புழுவையும் சேர்த்து அரைக்கும் ‘காய் சட்னி’ 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. ஜாவாவில் அதன் புழுக்கள் பாட்டுப் பறவைகளுக்குத் தீனியாக விலைபோகின்றன. வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் அவை சந்தையில் இறைச்சியைவிட உயர்ந்த விலைக்கு விற்பதும் உண்டு. அறுவடை காவலைக் குலைத்துவிடாதா என்று ஐயுற்ற டென்மார்க்கின் யோஅகிம் ஆஃபன்பெர்க், தாய்லாந்துத் தோட்டங்களில் அளந்து பார்த்தபோது, அங்குக் கோடையில் சேகரிக்கப்படுபவை பெரும்பாலும் வருங்கால அரசிகளாக வளரவேண்டிய பெரிய புழுக்கள் என்றும், அவை எப்படியும் மழைக்காலத்தில் பறந்து பிரிந்துபோகக் கூடியவை ஆதலால், எடுத்த பின்னும் மரங்களில் வேலைக்கார எறும்புகளின் அடர்த்தி குறையவில்லை என்றும் கண்டார்.