குளிர்காயும் பட்டறை

மரப்பசை டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். தச்சு வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் வெள்ளை, மஞ்சள் பசைகளுக்கு அது ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போனாலும் பசை காயும், ஆனால் பிடிக்காது. பசையிலுள்ள நுண்துகள்கள் இளகி ஒன்றோடொன்று சேர்ந்து படலமாவதற்குப் பதிலாகச் சுண்ணாம்புப் பொடி போல வெளுத்துப்போகும். நாற்காலி பார்வைக்கு நாற்காலியாகத்தான் நிற்கும். யாராவது உட்காரும்போதுதான் விஷயம் தெரியும்.

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 16 டிகிரி. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பெட்டி பூஜ்யத்துக்குக் கீழே 18இல் இயங்குகிறது. அந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டு இழைப்புளி தள்ளுவதை நினைத்துப் பார்த்தால், அங்கே கராஜைப் பட்டறையாக வைத்திருப்பவர்களின் குளிர்காலம் புரியும். பசை மட்டுமல்ல, தண்ணீர் கலந்த பெயின்ட் உறைந்து கெட்டுப்போகும். எப்பாக்சி இறுக நாள்கணக்காகும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகப் பழுதாகும்.

அமெரிக்கத் தொழில் வரலாற்றில் கராஜுக்கு ஒரு புராண அந்தஸ்து உண்டு. ஹியூலெட்டும் பேக்கார்டும் 1938இல் வேலையைத் தொடங்கிய கராஜை இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். அது கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்ததால் அவர்களுக்கு ஹீட்டர் கவலை இருந்திருக்காது. 1903இல் ஹார்லி-டேவிட்சன் பிறந்த கொட்டகையோ மில்வாக்கியில் இருந்தது. பத்தடிக்குப் பதினைந்தடி மரக்கொட்டகை. மிச்சிகன் ஏரிக்கரைக் குளிர்.

கராஜ் குளிர்வதற்குக் காரணம், அது மனிதர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல என்பதே. வீட்டுச் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சை அடைப்பவர்கள் கராஜ் சுவரை வெறுமையாக விடுவார்கள். பல கராஜ்களில் உட்கூரையே இருக்காது. முன்பக்கம் முழுவதும் மெல்லிய தகரக் கதவு. அதன் அடியில் விரல் நுழையும் இடைவெளி.

இருபத்துநான்கு அடிக்கு இருபத்துநான்கு அடி, இரண்டு கார் நிற்கும் கராஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 18; உள்ளே 13 டிகிரி இருந்தால் போதும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். பஞ்சு அடைக்காத கராஜில் அந்த நிலையைத் தக்கவைக்க 10 கிலோவாட்டுக்கும் மேல் வெப்பம் ஓயாமல் வேண்டும். ஆறேழு இஸ்திரிப் பெட்டிகளைச் சேர்த்து அணைக்காமல் வைப்பதற்குச் சமம். அதே கராஜில் சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் வெப்பக்காப்பு கொடுத்துவிட்டால் சுமார் 4 கிலோவாட்டில் காரியம் முடிகிறது. அந்த நான்கைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பஞ்சடைத்த சுவர் வழியாகப் போவது ஒரு கிலோவாட்கூட இல்லை. இடுக்குகளில் நுழையும் காற்று உள்ளேயிருக்கும் காற்றை மணிக்கு ஒருமுறை மாற்றினாலே ஒன்றரைக் கிலோவாட் போய்விடுகிறது. ஆக, பெரிய திருடன் கதவிடுக்கில் இருக்கிறான்.

அதனால் கடைக்குப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஹீட்டர் அல்ல. கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை. அடுத்தது உட்கூரைக்குப் பஞ்சு, ஏனென்றால் சூடான காற்று மேலேதான் போகும். பிறகு சுவர். கதவுக்குத் தெர்மாகோல் வகைப் பலகைகளை வெட்டிப் பொருத்துகிறார்கள். எந்த நுரைப்பலகையையும் திறந்தபடி விடக் கூடாது, தீப்பிடித்தால் வேகமாக எரியும். சுவரில் ஒட்டினால் மேலே ஜிப்சம் பலகை அடிக்க வேண்டும். கதவுக்கென்றால் மேலுறை போட்டே விற்பதை வாங்குவது நல்லது. இதையெல்லாம் செய்யாமல் பெரிய ஹீட்டர் வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய பம்பு வைக்கிற கதை.

இனி ஹீட்டர்கள். மின்சாரத்தில் ஓடும் சிறிய ஹீட்டர் எல்லாருக்கும் கைக்கெட்டியது. வட அமெரிக்க வீடுகளின் சாதாரணப் பிளக்கில் வருவது 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1800 வாட். பாதுகாப்புக்கு இடம் விட்டுத் தயாரிப்பாளர்கள் 1500 வாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செராமிக் என்றும், எண்ணெய் நிரப்பியது என்றும், குவார்ட்ஸ் என்றும் நூறு பெயரில் விற்றாலும் 1500 வாட் ஹீட்டர் தருவது 1500 வாட் வெப்பம்தான். முப்பது டாலர் ஹீட்டரும் முன்னூறு டாலர் ஹீட்டரும் இதில் ஒன்று. நான்கு கிலோவாட் கேட்கும் கராஜுக்கு இது யானைப்பசிக்குச் சோளப்பொரி. சரி, மூன்று வாங்கி மாட்டலாமே என்றால், இரண்டாவதைப் போட்டதும் பிரேக்கர் விழும். மெல்லிய நீட்டிப்பு ஒயரில் மாட்டினால் சூடாவது முதலில் ஒயர்தான். மின்சாரமே போதும் என்பவர்கள் 240 வோல்ட்டில் தனி லைன் இழுத்து, 5 கிலோவாட் ஹீட்டரை உட்கூரையில் தொங்கவிடுகிறார்கள். மின்கட்டணம் உறைக்கும், புகை கிடையாது.

கட்டுமான இடங்களிலும் பட்டறைகளிலும் பீரங்கிக் குழாய் போல ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு கிடக்கும். மண்ணெண்ணெயிலோ புரோப்பேனிலோ எரியும். ஜெட் விமானம் கிளம்புவது போல இரைச்சல். தொழிலாளர்கள் இதை ‘சாலமாண்டர்’ என்பார்கள். நெருப்பில் வாழும் என்று பழைய ஐரோப்பியர்கள் நம்பிய நீர்நில உயிரியின் பெயர் அது. கால் மணி நேரத்தில் கராஜ் கதகதப்பாகிவிடும். கூடவே இரண்டு விருந்தாளிகளும் வருவார்கள்.

முதல் விருந்தாளி தண்ணீர். புரோப்பேன் நமக்கு அந்நியமல்ல. சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து இருப்பதுதான். (பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும் என்பதால், நம் சிலிண்டரை வின்னிபெக் கராஜில் வைத்தால் அடுப்பு சரியாக எரியாது. புரோப்பேனின் கொதிநிலையோ பூஜ்யத்துக்குக் கீழே 42.) ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளிவருகிறது. புகைக்குழாய் இல்லாத ஹீட்டரில் ஒன்பது கிலோ சிலிண்டர் ஒன்றைக் காலி செய்தால், ஏறத்தாழ ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீரை அறைக்குள் தெளித்த கணக்கு. காற்றுதான் சூடாகியிருக்கிறது, வாள் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு மேடை இன்னும் ஐஸாகத்தான் இருக்கும். அந்த ஈரம் போய்ப் படிவது அங்கேதான். ஒரே இரவில் செம்பழுப்புத் துரு படரும். கையைச் சூடாக்கிக்கொள்ளக் கருவியைப் பலி கொடுத்தவர்கள் ஏராளம்.

இரண்டாவது விருந்தாளி கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத இடத்தில் எந்த எரிபொருள் அரைகுறையாக எரிந்தாலும் இது பிறக்கும். கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார் எஞ்சினும் இதையே செய்யும். அயோவா மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவினர் ஒருமுறை சோதித்துப் பார்த்தார்கள். கராஜ் கதவைத் திறந்துவைத்தே குளிர்ந்த எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டினார்கள். வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 500 பங்கு வரை ஏறியது. காரை வெளியே எடுத்துப் பத்து மணி நேரம் கழித்தும் கராஜில் அது மிச்சமிருந்தது. காரைச் சூடேற்றுவதற்காகக் கராஜையே சூடாக்கத் தேவையுமில்லை. வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்ற மின்பொறியாளர் எஞ்சினுக்குள்ளேயே செருகும் ஒரு சிறு மின்ஹீட்டருக்கு 1949இல் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்றும் வின்னிபெக்கின் வாகன நிறுத்துமிடங்களில் பிளக் கம்பங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் புதிதாகப் போகிறவர்கள் எல்லாம் மின்சாரக் கார் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

எரிவாயுதான் வேண்டும் என்றால், புகையை வெளியே தள்ளும் குழாயோடு கூரையில் தொங்கும் ஹீட்டரே சரி. எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே இழுத்துக்கொள்ளும் வகை இன்னும் நல்லது. மரத்தூளும் வார்னிஷ் ஆவியும் சுடரை நெருங்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். தீப்பொறி எழக்கூடிய எதுவும் கராஜ் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்வது அதனால்தான். விறகடுப்புக்கு வீட்டுக் கராஜில் இடமே இல்லை என்பது அங்கே தீப்பாதுகாப்பு விதி. கவர்ச்சி இருக்கிறது, மரத்துண்டுகள் சும்மா கிடக்கின்றன, ஆனாலும் கூடாது. கார் நுழையாத தனிப் பட்டறை என்றால் யோசிக்கலாம்.

ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப்போட்டது. வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அந்தக் காற்றிலும் கொஞ்சம் வெப்பம் உண்டு. அதை இறைத்து உள்ளே கொட்டும். மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், கடுங்குளிரில் இரண்டாகக் குறையும். குளிர்நாடுகளுக்கென்றே செய்யப்பட்டவை பூஜ்யத்துக்குக் கீழே 25இலும் இயங்குகின்றன. பஞ்சடைத்த கராஜுக்கு இன்று இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு குறைவு. கோடையில் ஏசியாகவும் ஓடும். மரத்தூள் வடிகட்டியை அடைக்கும் என்பதால் அடிக்கடி தட்டிக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை பேசியதெல்லாம் காற்றைச் சூடாக்கும் வழி. தமிழில் ‘குளிர்காய்தல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. மார்கழி விடியலில் சருகைக் குவித்துக் கொளுத்திக் குந்தியிருப்பவர் தெருவைச் சூடாக்குவதில்லை. தன் உள்ளங்கையைத்தான் காட்டுகிறார். அகச்சிவப்பு ஹீட்டர் செய்வது அதையே. மேசைக்கு மேலே தொங்கும் அந்தத் தகதகக்கும் குழாயின் கதிர், இடையிலுள்ள காற்றைப் பெரும்பாலும் தொடாமல், ஆளையும் மேசையையும் இரும்பையும் சுடவைக்கும். ஒரு மூலையில் ஒரு மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு 1500 வாட்டில் உருப்படியான பயன் கிடைக்கும் வழி இதுதான். இதைவிடவும் மலிவான வழி, பசையை வீட்டுக்குள் வைத்திருந்து எடுத்துவருவதும், ஒட்டிய பலகையின் மேல் மின்போர்வையைப் போர்த்திவிடுவதும். தச்சர்கள் கூச்சப்படாமல் செய்கிறார்கள்.

காற்றை நம்புவதில் இன்னொரு நஷ்டம் உண்டு. முன்கதவை ஒருமுறை முழுக்கத் திறந்தால் அந்தக் கராஜின் சூடான காற்று மொத்தமும் போய்விடும். புதுக்காற்றைச் சூடாக்க ஒன்றரை யூனிட். ஆனால் நான்கு அங்குலக் கான்கிரீட் தளத்தின் எடை சுமார் 13 டன். அதை ஒரே ஒரு டிகிரி சூடாக்க 3 யூனிட் வேண்டும். வேறுவிதமாகச் சொன்னால், சூடேறிய தளம் ஒரு சேமிப்புக் கிடங்கு. கதவைத் திறந்து மூடினாலும் சில நிமிடங்களில் அறையை மீட்டுவிடும். கார் கொண்டுவந்த பனி உருகி, தரை தானாகக் காய்ந்துவிடும். கான்கிரீட்டுக்குள் பிளாஸ்டிக் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிடும் இந்த முறைக்குத்தான் பட்டறைக்காரர்களிடம் முதல் மரியாதை. தளம் போடும்போதே, அடியில் நுரைப்பலகை விரித்துப் பதிக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். ஏற்கெனவே கட்டியவருக்கு இது ஏக்கம்தான்.

கொரியர்கள் நூற்றாண்டுகளாக அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கியவர்கள். ஜப்பானில் அப்படியொரு கொரிய அறையில் உட்கார்ந்து சொக்கிப்போனவர் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்காக அவர் 1937இல் கட்டிமுடித்த சிறிய வீட்டில், தளத்துக்கு அடியில் குழாய்களை ஓட்டித் தரையைக் கதகதப்பாக்கினார். அந்த வீடு 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காருக்கு மட்டும் அவர் கராஜ் கட்டவில்லை. மேலே ஒரு கூரை, பக்கங்கள் திறந்தபடி. விஸ்கான்சின் குளிரில் கார் வெளியேதான் நின்றது.