பாலைநிலத்தில் களை பறிப்போர்

களைகளைப் பறித்தால் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்று உவமையில் நில உரிமையாளர் தடுக்கிறார் (மத் 13:24-30). அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில், சகுவாரோ தேசியப் பூங்காவில் களை பறிக்கும் குழுவினரோ காத்திருக்க முடியாது. அவர்கள் பிடுங்குவது வேறெதுவுமல்ல, காங்கேயம் மாடுகள் மேயும் நம் கொழுக்கட்டைப்புல்தான்! 1930களில் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அந்நாட்டில் விதைத்தார்கள். புல்லைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் முன்பு செடிகளுக்கிடையே வெற்று மண் கிடந்ததால் அங்கே தீ எளிதில் பரவாது. இப்போது காய்ந்த புல் அந்த இடைவெளியை நிரப்புகிறது. கிளைவிடவே பொதுவாக 50 ஆண்டுகளுக்கு மேலாகும் சகுவாரோ கள்ளி நெருப்பைத் தாங்காது. எனவே பாறைச் சரிவில் ஏறி, கடப்பாரையால் தூரோடு பெயர்க்கிறார்கள். விதை மண்ணில் சில ஆண்டுகள் உயிரோடிருப்பதால் அதே சரிவுக்கு மீண்டும் மீண்டும் வரவேண்டும். கள்ளிக் கன்றுகள் பெரும்பாலும் மரநிழலில் முளைப்பவை. அங்கே பார்த்துத்தான் குத்தவேண்டும்.