செயலிக்குத் தெரியாமல் ஓடிய படம்

1990-களின் கடைசியில் லினக்ஸ் கணினியில் டிவி கார்டு பொருத்தியிருந்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். திரையின் மூலையில் ஒரு சின்ன ஜன்னலில் படம் ஓடிக்கொண்டிருக்கும். கணினியின் செயலிக்கு (புராசசருக்கு) எவ்வளவு வேலை என்று பார்த்தால், அது கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அப்படியானால் படத்தை ஓட்டுவது யார்?

வேலை ஒன்றும் லேசானதல்ல. பால் (PAL) முறைத் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றிலும் 768 × 576 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றாலே நொடிக்கு 22 எம்பியைத் தாண்டும். வருவதை அப்படியே பதிந்தால் ஒரு சிடி அரை நிமிடத்தில் நிரம்பிவிடும்.

சூட்சுமம் டிவி கார்டில் இருந்தது. அந்நாளில் பல கார்டுகளில் இருந்தது புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி848 என்ற சில்லு. அது தனக்கென்று ஒரு குட்டி நிரலை ஓட்டும். கட்டளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: இத்தனை பைட்டை இந்த முகவரியில் எழுது, இத்தனை பைட்டைக் கைவிடு, அடுத்த படம் தொடங்கும்வரை காத்திரு, மறுபடி முதலுக்குப் போ. நிரலை எழுதித் தருவது லினக்ஸின் பிடிடிவி டிரைவர். கணினியின் நினைவகத்தில் கிடக்கும் அந்த நிரலைச் சில்லு தானே போய்ப் படித்துக்கொள்ளும். செயலியைக் கேட்காமல் ஒரு கருவி இப்படி நினைவகத்தில் படித்து எழுதுவதற்கு நேரடி நினைவக அணுகல் என்று பெயர்.

எழுதும் இடம்தான் இன்னும் துணிச்சலானது. திரையில் தெரிவதையெல்லாம் வைத்திருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்திலேயே, அந்த ஜன்னலுக்குரிய முகவரியில், படத்தைக் கொட்டிவிடும். இதுதான் ஓவர்லே, அதாவது மேலடுக்கு.

சரி, டிவி ஜன்னல்மேல் வேறொரு ஜன்னல் வந்து உட்கார்ந்தால்? சில்லுக்கு ஜன்னல் என்றால் என்னவென்றே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் மேலே இருப்பது அழிந்துபோகும். எனவே எக்ஸ்ஏடபிள்யூடிவி போன்ற டிவி நிரல், மறைந்திருக்கும் செவ்வகங்களின் பட்டியலை டிரைவரிடம் கொடுக்கும். டிரைவர் சில்லின் நிரலையே மாற்றி எழுதும். ஒரு வரியில் 300 புள்ளி எழுது, 120 புள்ளியைக் கைவிடு, மிச்சத்தை எழுது. அடுத்த வரிக்கும் அப்படியே. மேலே இருக்கும் ஜன்னலை நகர்த்தினால் புது நிரல். ஒரு மெனு விரிந்தால் இன்னொன்று. மறைப்பதற்கென்று தனிச் சாதனம் ஏதும் இல்லாமல், ‘கைவிடு’ என்ற ஒரே கட்டளையில் காரியத்தை முடித்த இந்த வித்தையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கிராஃபிக்ஸ் கார்டுகள் வேறொரு தந்திரம் செய்தன. டிவி ஜன்னல் முழுவதும் ஒரே நிறம், உதாரணமாக நீலம், பூசப்படும். படம் தனியிடத்தில் இருக்கும். திரைக்குச் சமிக்ஞை கிளம்பும் நேரத்தில், அந்த நீலம் தென்படும் புள்ளியிலெல்லாம் கார்டு படத்தின் புள்ளியை மாற்றி வைத்துவிடும். இதற்கு நிறச் சாவி என்று பெயர். அக்காலத்தில் ஓடும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களுக்கு வெறும் நீலக் கட்டம் மட்டும் கிடைத்தது இதனால்தான். டிவி ஜன்னலின்மேல் கிடக்கும் வேறொரு ஜன்னலில் அதே நீலம் இருந்துவிட்டாலோ வேடிக்கை: அங்கேயும் படம் எட்டிப்பார்க்கும்!

திரை நினைவகத்தில் நேரே கொட்டும் பழைய முறையை லினக்ஸ் கர்னல் 2023-இல் கைவிட்டுவிட்டது. மேலடுக்கு என்ற யோசனை மட்டும் போகவில்லை. பெரும்பாலான கணினிகளில் மவுஸின் அம்புக்குறி இன்றும் தனி அடுக்குதான். அது நகரும்போது, கீழே இருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளியைக்கூடத் திரும்ப வரைய வேண்டியதில்லை.