அசையாத ஆடல்: லிசா ஃபொன்சாக்ரீவ்ஸின் வாழ்வும் தொழிலும்

முன்னுரை

புத்தாடைகளை அணிந்து காட்டுவதைத் தொழிலாகக் கொண்ட பெண்ணைக் குறிக்கத் தமிழ் ஏடுகள் 'மாடல் அழகி', 'விளம்பர அழகி' ஆகிய தொடர்களைப் பயன்படுத்தி வருகின்றன. இரண்டிலும் 'அழகி' என்னும் சொல்லே தலைமை பெறுகிறது. நடிப்பவர் நடிகர்; பாடுபவர் பாடகர்; எழுதுபவர் எழுத்தாளர். இவர்கள் செய்யும் தொழிலால் பெயர் பெற்றவர்கள். மாடல் அழகியோ செயலால் அன்றித் தோற்றத்தால் பெயர் பெறுகிறார். பிரெஞ்சு மொழியிலும் நிலைமை பெரிதும் வேறன்று. அங்கு வழங்கும் 'மானெக்கன்' என்னும் சொல், ஓவியர்களும் தையற்கலைஞர்களும் பயன்படுத்திய பொம்மையை முதலில் குறித்துப் பின்னரே பெண்ணைக் குறிக்கலாயிற்று. அழகி என்றாலும் பொம்மை என்றாலும், அப்பெண் செய்யும் வேலை சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. இம்மறைப்பு எத்துணைப் பொருந்தாதது என்பதை லிசா ஃபொன்சாக்ரீவ்ஸ் (1911–1992) என்னும் முன்னோடியின் வாழ்க்கைவழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தொழிலின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாரிஸ் நகரத் துணிக்கடை ஒன்றில் பணியாற்றிய மரி வெர்னே, சால்வைகளைத் தம் தோளில் இட்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்டி வந்தார். 1851இல் அவரை மணந்த ஆங்கிலேயரான சார்ல்ஸ் ஃபிரெடெரிக் வொர்த், பின்னர்ப் புகழ்பெற்ற ஆடையகத்தைத் தொடங்கியபோது, தம் ஆக்கங்களை மனைவி அணிந்து காட்டும்படி செய்தார். மரியையே இத்தொழிலின் முதல்வர் எனக் கொள்வாருளர். 20ஆம் நூற்றாண்டில் ஆடை இதழ்கள் ஒளிப்படங்களை வெளியிடத் தொடங்கியபோது, செல்வக் குடும்பத்துப் பெண்களும் நடிகையருமே பெரும்பாலும் அவற்றில் இடம்பெற்றனர். படத்திற்கு நிற்பது ஒரு தனித்தொழிலாக வளர்ந்த காலத்தில்தான் லிசா அத்துறையில் நுழைந்தார்.

ஆடற்பயிற்சி

லிசா சுவீடன் நாட்டில் 1911 மே 17ஆம் நாள் பிறந்தார். இளமையில் அவர் நாடியது நடனத்தையே. பெர்லின் நகரில் நவீன நடன முன்னோடியான மேரி விக்மனின் பள்ளியில் பயின்று, தாயகம் திரும்பி, ஸ்டாக்ஹோமில் நடனப்பள்ளி நடத்தினார். பின்னர்ப் பாரிஸுக்குச் சென்று, ஃபெர்னாண்ட் ஃபொன்சாக்ரீவ்ஸ் என்னும் நடனக் கலைஞரை 1935இல் மணந்தார்.

1936இல் மின்தூக்கி ஒன்றில் அவரைக் கண்ட ஒளிப்படக் கலைஞர் வில்லி மேவால்ட், தொப்பிகள் சிலவற்றை அணிந்து படத்திற்கு நிற்க இயலுமா எனக் கேட்டார். அப்படங்கள் 'வோக்' இதழின் பார்வைக்குச் சென்றன; அவ்விதழின் கலைஞர் ஹார்ஸ்ட் அவரைச் சோதனைக்காகப் படமெடுத்தார். ஆடை இதழ்களின் உலகம் லிசாவுக்கு முற்றிலும் புதிது. எனவே அவர் லூவர் அருங்காட்சியகத்திற்குச் சென்று, பழைய ஓவியங்களில் உள்ளோர் எவ்வாறு நிற்கின்றனர், உடை அவர்கள்மேல் எவ்வாறு விழுகிறது என உற்றுநோக்கிப் பயின்றார். தம் தொழிலை அவர் கற்று அடைய வேண்டிய ஒன்றாகவே கருதினார் என்பதற்கு இஃது ஒன்றே தக்க சான்றாகும்.

நிற்றலின் நுட்பம்

அக்காலக் கூடங்களில் பெரிய தகட்டு ஒளிப்படக் கருவிகளே மிகுதியாகப் பயன்பட்டன. படச்சுருளின் ஒளியுணர்திறனும் குறைவு. ஆகவே ஒளி நெடுநேரம் உட்புக வேண்டியிருந்தது. நிற்பவர் சற்றே அசைந்தாலும் படம் மங்கும். அதே வேளையில் விறைத்து நின்றால் உடை உயிரற்றுத் தோன்றும். அசைவின் உச்சத்தில் அசைவை நிறுத்தி, அந்நிலையிலேயே தசையையும் மூச்சையும் கட்டுப்படுத்தல் வேண்டும். நடனம் பயின்ற உடலுக்கே இஃது எளிதில் கைகூடும். தம் தொழிலை 'அசையாத ஆடல்' என்னும் பொருள்பட லிசா குறிப்பிட்டது இதனாலேயாகும்.

1939இல் எர்வின் புளூமென்ஃபெல்ட் எடுத்த படம் இத்திறனுக்குப் பெரும் சான்று. ஈஃபில் கோபுரத்தின் உயரத்தில், இரும்புச் சட்டத்தின் விளிம்பில் ஒரு கையால் பற்றியபடி சாய்ந்து, மறுகையால் ஆடையைப் பறவையின் சிறகென விரிக்கிறார் லிசா. கீழே பாரிஸ் நகரம் பரந்து கிடக்கிறது. அந்த ஆடையை வடிவமைத்தவர் லூசியன் லெலோங். படத்தை எடுத்தவர் புளூமென்ஃபெல்ட். இவ்விருவரின் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. விளிம்பில் நின்றவரின் பெயரோ பலருக்குத் தெரியாது.

ஊதியமும் பெயரும்

போர் மூண்ட 1939இல் நியூயார்க் நகரம் சென்ற லிசா, அங்குத் தம் தொழிலின் உச்சத்தை எட்டினார். பிறர் மணிக்கு 10 முதல் 25 டாலர் வரை பெற்ற காலத்தில் அவர் 40 டாலர் பெற்றதாகக் கூறப்படுகிறது. 1949 செப்டம்பர் 19ஆம் நாளிட்ட 'டைம்' இதழின் அட்டையில் அவர் உருவம் இடம்பெற்றது. 1950இல் ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென்னை மணந்தார். பென்னின் புகழ்பெற்ற ஆடைப் படங்கள் பலவற்றில் நிற்பவர் லிசாவே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். லிசா தம்மை 'நல்ல உடைமாட்டி' என்றே கூறிக்கொண்டார். அவரே தம்மைப் பொருளாகக் குறிக்கும்போது நாம் வேறாகக் கூறுவது தகுமா? அக்கூற்றைத் தன்னடக்கம் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. பார்ப்பவரின் கண் தம் முகத்தில் தங்காமல் ஆடையின் வெட்டிலும் மடிப்பிலும் செல்ல வேண்டும் என்பதே அவர் கொண்ட நெறி. தம்மை மறைத்துக்கொள்வதும் ஒரு வினைத்திறனே. அத்திறன் முழுமையுற்றதனாலேயே அதனை நாம் காணத் தவறுகிறோம்.

முடிவுரை

பிற்காலத்தில் லிசா ஆடை வடிவமைப்பிலும் சிற்பக் கலையிலும் ஈடுபட்டு, 1992 பிப்ரவரி 4ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். 1996இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூல், பல கலைஞர்கள் எடுத்த அவருடைய படங்களை அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒருங்கு திரட்டியது. எடுத்தவர்கள் பலர்; அப்படங்களை இணைக்கும் கலை நிற்பவருடையது என்பதை அந்நூலின் அமைப்பே உணர்த்துகிறது.

'அழகி' என்னும் சொல்லை முற்றாக விலக்குதல் எளிதன்று. அது மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்டது. எனினும், ஊடகத்தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பறையில் 'ஆடைக் காட்சிக் கலைஞர்' போன்ற தொடரை முன்வைத்து, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களே விவாதிக்கச் செய்யலாம். ஒருவருக்கு நாம் இடும் பெயர், அவருடைய உழைப்பை நாம் கண்டோமா இல்லையா என்பதையும் காட்டிவிடுகிறது.